ஸ்தோத்திரத்தம்மா

அத்தை செத்துப் பல வருஷம் ஆகிறது. இன்னும் எனக்கு அவள் மேல் இருக்கிற கோபம் போகவில்லை. செத்தவர்களைப் பற்றித் தப்பாகப் பேசக்கூடாது என்பார்கள். நான் தப்பாகப் பேசப் போவதில்லை, நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன். நடந்ததே தப்பாக இருந்தால் அதற்கு நான் என்ன செய்வது?

அவள் அப்பாவுக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கோ ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் மருத்துவச்சியாக வேலை பார்த்து ஓய்வு பெற்று, எடமலைப்பட்டி புதூரில் இருந்த எங்கள் வீட்டோடு தங்க வந்தாள். அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. நான் அப்போது பாவாடை சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற பெண். ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் முழங்காலுக்குத் தண்ணீர். ஜங்ஷனிலிருந்து அத்தையை ஏற்றிவந்த ஜட்கா தெருமுனைக்கு மேல் வர மாட்டேன் என்று நின்றுவிட்டது. வண்டிக்கார பாய் இறங்கி, அவளுடைய டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அவளையும் பிடித்துக்கொண்டு, குழி எங்கே சாக்கடை எங்கே என்று காலாலேயே தடவித் தடவி வாசலில் கொண்டுவந்து சேர்த்தார். நனைந்த கோழி போல் நடுங்கிக்கொண்டு நின்றார் மனுஷன்.

அத்தை வாசற்படி ஏறினாள். திரும்பினாள். பாயைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்துக் கைகளைக் குவித்து, "ஸ்தோத்திரம் ஆண்டவரே, என்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தீரே, ஸ்தோத்திரம்" என்றாள். பாயும் அண்ணாந்து பார்த்தார். மேலே மழையைத் தவிர ஒன்றும் இல்லை.

"பாப்பா, உங்க அத்தைக்குப் பொட்டி தூக்குனது யாருன்னு மறந்துபோச்சாட்டம் இருக்கு" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். அம்மாதான் ஓடிப்போய் ஒரு துண்டும் சூடாகக் காபியும் கொண்டுவந்து கொடுத்து, "ரொம்ப நன்றிங்க பாய்" என்றாள். எனக்கும் அன்றைக்குச் சிரிப்புத்தான் வந்தது. கோபம் வரக் கொஞ்ச நாள் ஆயிற்று.

எதற்கெடுத்தாலும் அவளுக்கு ஸ்தோத்திரம்தான். பஸ் நேரத்துக்கு வந்தால் ஸ்தோத்திரம். வராவிட்டால், வராத பஸ்ஸில் ஏறி விழாமல் காப்பாற்றியதற்கு ஸ்தோத்திரம். கீரையில் புழு இருந்தால், புழுவைக் கண்ணில் காட்டியதற்கு ஸ்தோத்திரம். தெருவில் எல்லாரும் அவளை ஸ்தோத்திரத்தம்மா என்றுதான் சொல்வார்கள். அவளுக்கு அது தெரியும், அதற்கும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லியிருப்பாள். ஆனால் மனுஷ ஜென்மம் ஒன்றுக்கு அவள் வாயிலிருந்து "நன்றி" என்று ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக் குடித்துவிட்டு மேலே பார்ப்பாள். கொடுத்தவள் கீழே நிற்பாள்.

சாப்பாட்டு நேரத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். எங்கள் வீட்டில் சாப்பிடுமுன் அப்பா ஜெபம் பண்ணுவார். ரத்தினச் சுருக்கமாக இருக்கும். பசிக்கிற வீட்டில் அதுதான் முறை. அத்தை வந்த பிறகு, பெரியவள் என்று அந்த வேலை அவளுக்குப் போய்விட்டது. இலையில் சோறு ஆவி பறக்கும். அத்தை கண்ணை மூடுவாள். காவேரித் தண்ணீருக்காக ஸ்தோத்திரம். அதைக் கொண்டுவந்த வாய்க்காலுக்காக ஸ்தோத்திரம். நெல்லுக்காக, வயலை உழுத மாட்டுக்காக, மாடு தின்ற வைக்கோலுக்காக, உப்புக்காக, உப்பு விளைந்த சமுத்திரத்துக்காக என்று போய்க்கொண்டே இருக்கும். அவள் ஆமென் சொல்லும்போது சோற்றில் ஆவி இருக்காது. ரசத்தின் மேல் ஏடு கட்டியிருக்கும். ஒரு வாய் அள்ளி வைத்துவிட்டு, குற்றமாகச் சொல்லாமல், செய்தி சொல்வது போல, "ஆறிப்போச்சு" என்பாள். அம்மா ரசத்தை எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் அடுப்பில் வைப்பாள்.

மாட்டுக்கு இருந்தது, வைக்கோலுக்கு இருந்தது. ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து நின்றவளுக்கு அந்த ஜெபத்தில் ஓர் இடம் இல்லை. அம்மா கரண்டியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். ஆரம்பத்தில் பக்தி என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு நாள் நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தபோது புரிந்தது. அவள் உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பரீட்சை ரிசல்ட் வாசிக்கும்போது தன் பெயர் வருமா என்று கேட்கிற பிள்ளையின் முகம் அது. உப்பு வந்துவிட்டது, அடுத்தது நானாக இருக்குமோ என்கிற முகம். ஆமென் என்றதும் அது அணைந்துபோகும்.

அப்பாவிடம் சொன்னேன். "அக்கா அப்படித்தான், விடும்மா. அவங்க மனசு தங்கம்" என்றார். தங்கத்தை வைத்துக்கொண்டு அம்மா என்ன செய்வாள்?

மனசு தங்கம் என்பது பொய்யும் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் அநியாயக்காரி ஆகிவிடுவேன். ஓய்வு பெற்ற பிறகும், வலி எடுத்துவிட்டது என்று யார் வந்து கதவைத் தட்டினாலும், சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இலையை மடித்துவிட்டுக் கிளம்புவாள். ஜாதி, மதம், காசு எதுவும் கேட்க மாட்டாள். எடமலைப்பட்டி புதூரில் பாதிப் பிள்ளைகளின் தலையை முதலில் தொட்டது அவள் கை. கூலி என்று எதையும் வாங்கியதில்லை.

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் ஒரு வீடு. அவர்கள் மருமகளுக்குப் பிரசவம் சிக்கலாகி, குழந்தை கால் பக்கமாகத் திரும்பிக் கிடக்கிறது என்று, யாரோ சொல்லி அத்தையைத் தேடிக் கார் அனுப்பினார்கள். போய் இரண்டு உயிரையும் பிழைக்க வைத்துவிட்டு வந்தாள். குழந்தைக்குப் புண்ணியாகவாசனம் முடிந்ததும் அந்த வீட்டு மாமி ஒரு தாம்பாளத்தில் புடவை, வெற்றிலை, தேங்காய், பழம் எல்லாம் வைத்து எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். மடிசாரும் வைரத்தோடுமாக எங்கள் தெருவில் வந்து நின்றவளைப் பார்க்க ஒரு கூட்டம்.

"நான் ஒண்ணும் பண்ணலங்க. ஆண்டவர் பண்ணினது. அவருக்குச் சொல்லுங்க" என்றாள் அத்தை.

மாமி அசரவில்லை. "பெருமாளுக்குச் சொல்லாம இருப்பேனா? அவருக்குத் திருமஞ்சனம், தளிகை எல்லாம் ஆச்சு. அவர் அனுப்பிச்ச மனுஷாளுக்கு யார் சொல்றது? அதுக்குத்தான் வந்திருக்கேன். நன்னா இருக்கணும் நீங்க" என்று சொல்லித் தாம்பாளத்தை நீட்டினாள்.

அத்தை கையை நீட்டவில்லை. உள்ளே போய்விட்டாள். மாமி தர்மசங்கடமாக நின்றாள். அம்மாதான் வாங்கிக்கொண்டாள். அந்த மாமி அம்மாவின் கையைத் தொட்டு, "உங்களுக்கும்தான். நீங்க அவாளைச் சாப்பாடு போட்டு வெச்சிண்டிருக்கறதாலதானே எங்களுக்குக் கெடைச்சா" என்றாள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. முன்பின் தெரியாத ஒருத்தி, வேறு மதக்காரி, ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து சொல்லிவிட்டுப் போகிறாள். கூடவே உண்டு உறங்குகிறவளுக்கு அது வரவில்லை. எனக்கு அத்தை மேல் முதல் முதலாகப் பற்றிக்கொண்டு வந்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு வாழைத்தார் விவகாரம். அம்மா பிறந்த வீடு ஜீயபுரம் பக்கம். அங்கிருந்து ஒரு பூவன் கன்றைக் கொண்டுவந்து கிணற்றடியில் வைத்திருந்தாள். பாத்திரம் கழுவுகிற தண்ணீரை ஒரு சொட்டு வீணாக்காமல் அதற்குத் திருப்பி விடுவாள். அது முதல் தார் தள்ளியபோது அவளுக்குத் தலைச்சன் பிள்ளை பிறந்த மாதிரி சந்தோஷம். படுத்த படுக்கையாக இருந்த தன் அப்பாவுக்கு ஒரு சீப்பு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் சபையில் வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை நடக்கும். வீட்டில் விளைந்ததில் முதல் விளைச்சலைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் படைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம் விடுவார்கள். எங்களுக்குக் கோயில் என்றால் சர்ச்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா கிணற்றடிக்குப் போனால் மரத்தில் தார் இல்லை. அத்தை ஆள் வைத்து வெட்டி, கோயிலுக்கு அனுப்பியாகிவிட்டது.

"முதற்பலன் கர்த்தருடையது" என்றாள். "அவர் கொடுத்தார், அவருக்குப் போச்சு."

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் பிள்ளையார்தான் கிடையாது. கோயிலில் ஐயர் அந்தத் தாரைக் காட்டி, எங்கள் சபையில் பாதிரியாரை ஐயர் என்போம், அத்தையின் பெயரைச் சொல்லி, எப்படிப்பட்ட விசுவாசம் என்று பாராட்டினார். ஏலத்தில் அதை யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். அம்மா தன் அப்பாவைப் பார்க்க வெறுங்கையோடு போனாள். கடவுளுக்குக் கொடுத்ததைப் பற்றிக் கேட்டால் பாவம் என்று அவளுக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள், அதனால் கேட்கவில்லை.

இப்போது டைபாய்டுக்கு வருகிறேன்.

ஒரு கோடையில் அத்தை டைபாய்டில் விழுந்தாள். ஜுரம் இறங்கவே இல்லை. பிதற்றினாள், ஆளைத் தெரியவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "மருந்து கொடுக்கிறேன், ஆனா கவனிப்புலதான் இருக்கு" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். கவனிப்பு என்றால் என்ன என்று அம்மாவைத்தான் கேட்க வேண்டும். ஈரத்துணி மாற்றுவது, கஞ்சியைத் துணியில் வடிகட்டிச் சொட்டுச் சொட்டாக ஊட்டுவது, மல மூத்திரம் எடுப்பது, கொல்லையில் வெந்நீர் அண்டாவில் துணி அவிப்பது. அப்பா ஆபீசுக்குப் போவார், வந்து ஜெபம் பண்ணுவார். அம்மாவுக்கு ஜெபம் பண்ண நேரம் இல்லை. மாதம் முடிவதற்குள் அத்தை எழுந்து உட்கார்ந்தாள். அத்தை உட்கார்ந்த வாரம் அம்மா படுத்தாள். அதே ஜுரம்.

அம்மா பிழைத்தாள். ஆனால் முடி போயிற்று. அம்மாவின் முடி எப்படிப்பட்டது என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவிழ்த்துவிட்டால் முழங்காலைத் தொடும். அவளிடம் நகை கிடையாது, பட்டு கிடையாது, நிறமும் மட்டு. அந்த முடி ஒன்றுதான். அது பிடிப் பிடியாக வந்தது. சீப்பு வைத்தால் சீப்போடு வந்தது. தலையணையில் கிடந்ததையெல்லாம் அவள் பொறுக்கிப் பழைய பேப்பரில் சுற்றிச் சுற்றி வைத்ததை நான் பார்த்தேன். பிறகு முளைத்தது எலிவால் மாதிரிதான் முளைத்தது. அதிலிருந்து அவள் தலையில் முக்காடு இல்லாமல் வெளியே போனதில்லை.

எங்கள் சபையில் சாட்சி சொல்கிற ஞாயிறு என்று ஒன்று உண்டு. அந்த வருஷத்தில் ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை அவரவர் எழுந்து எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். அத்தை எழுந்தாள். வெள்ளைப் புடவை, பின்னால் கொண்டை, கொண்டை பழையபடி கனமாக இருந்தது. பெண்கள் பக்கத்தில் பாயில் அம்மா, அவள் பக்கத்தில் நான்.

"மரணப் படுக்கையில் கிடந்தேன். மனுஷர் கைவிட்டார்கள். கர்த்தர் கைவிடவில்லை" என்று ஆரம்பித்தாள். எந்த மனுஷர் கைவிட்டார்கள் என்று அங்கேயே எழுந்து கேட்டிருக்கலாம். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். "அவரே எனக்கு ஆகாரம் ஊட்டினார். அவரே என் படுக்கையை மாற்றிப்போட்டார். டைபாய்டு வந்தா தலை மொட்டையாகிடும்னு எல்லாருக்கும் தெரியும். பாருங்க, என் தலையில் ஒரு முடிகூடக் கொட்டல. ஸ்தோத்திரம்."

சபை முழுக்க "ஸ்தோத்திரம்" என்றது. ஆண்கள் பக்கத்தில் அப்பாவும் சொன்னார். அம்மா முக்காட்டை நெற்றிவரை இழுத்து விட்டுக்கொண்டாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்து அத்தை செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ஒரு நிமிஷம்" என்றாள் அம்மா. அப்பா உள்ளே போகப் போனவர் நின்றுவிட்டார். அம்மா முக்காட்டை எடுத்தாள். "இதைப் பாருங்க. நீங்க கோயில்ல சொன்னது நிஜம்தான். உங்க முடி கொட்டல."

அத்தை பார்த்தாள். "அதுக்கு என்னை என்ன செய்யச் சொல்றே?"

"ஒண்ணும் செய்ய வேணாம். ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லுங்க. ஆண்டவருக்குச் சொல்லாதீங்கன்னு நான் சொல்லல. அவருக்குச் சொல்லிட்டு எனக்கும் சொல்லுங்க. அவ்வளவுதான் கேக்குறேன்."

அத்தை இன்னொரு செருப்பையும் கழற்றிப்போட்டாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் சொன்னாள். "எங்கம்மாவைக் காலையில புதைச்சாங்க. சாயங்காலம் என்னை போர்டிங்ல சேத்தாங்க. தம்பி கைக்குழந்தை, அவனை வேற எங்கயோ குடுத்துட்டாங்க. அன்னிக்கு சீமையிலேர்ந்து ஒரு தொரசானி வந்திருந்தா, பிள்ளைங்களுக்குத் துணி குடுக்க. எனக்கும் ஒரு கவுன் குடுத்தா. 'தேங்க்யூ மேடம்' சொல்லுன்னாங்க. சொன்னேன். கேக்கல, சத்தமா சொல்லுன்னாங்க. சொன்னேன். மூஞ்சியை அப்படி வெச்சுக்கிட்டுச் சொல்லாதே, சிரிச்சுக்கிட்டுச் சொல்லுன்னு வார்டனம்மா தொடையில கிள்ளுனா. சிரிச்சுக்கிட்டுச் சொன்னேன். அப்புறம் அங்க இருந்தவரைக்கும் சோத்துக்கு, சோப்புக்கு, பென்சிலுக்கு எல்லாத்துக்கும் வரிசையில நின்னு சிரிச்சுக்கிட்டுச் சொன்னேன். வெளியில வந்த அன்னிக்கு முடிவு பண்ணேன். இனிமே ஆண்டவர் ஒருத்தருக்குத்தான். மனுஷங்களுக்குச் சொல்ல மாட்டேன். யாரும் எனக்கும் சொல்ல வேணாம்."

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கே இது அன்றைக்குத்தான் தெரியும். எனக்குக்கூட மனசு இளகிவிட்டது. அந்த வார்டன் மட்டும் எதிரில் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது.

அம்மா மட்டும் இளகவில்லை. கண் துடைத்துக்கொண்டாள், ஆனால் விடவில்லை.

"அவங்க உங்களைச் சொல்ல வெச்சாங்க அண்ணி. நான் கேக்குறேன். ரெண்டும் ஒண்ணா?"

அத்தை எழுந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சற்று நேரத்தில் ஜெபம் கேட்டது. "இந்த வீட்டில் எனக்குக் குறைவில்லாமல் போஜனம் தருகிறீரே, ஸ்தோத்திரம். வியாதியில் என்னைத் தாங்கினீரே, ஸ்தோத்திரம்." அம்மா கதவுக்கு வெளியே நின்று கடைசிவரை கேட்டாள். பெயர் வரவில்லை. "போஜனம் தானா நடந்து வருதாக்கும்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

அன்று முதல் அம்மா ஆறிய ரசத்தைச் சூடு பண்ணவில்லை. அத்தை "ஆறிப்போச்சு" என்பாள். "ஆமா" என்பாள் அம்மா. அத்தை ஆறியதையே சாப்பிட்டாள். முகம் சுளிக்கவில்லை. அவள் எதற்கும் முகம் சுளிக்கிறவள் இல்லை. அதுவும் எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. சண்டை போடவாவது செய்தால் என்ன? கிள்ளியவள் யாரோ, கொடுத்தவள் யாரோ, தண்டனை மட்டும் எங்கள் அம்மாவுக்கா? பட்ட கஷ்டம் ஒருத்தருக்கு இருந்துவிட்டால் அதைச் சொல்லியே பக்கத்தில் இருப்பவர்களை வாழ்நாள் முழுக்கப் பட்டினி போடலாமா? சோற்றுப் பட்டினி ஒன்றுதான் பட்டினியா?

அறுபதுகளின் நடுவில் அத்தை கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். நான் அப்போது டீச்சர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எலும்பு கூடவில்லை, படுக்கையே கதி என்றாயிற்று. மறுபடியும் அம்மாதான். புரட்டிப் போடுவது, முதுகுப் புண்ணுக்குப் பவுடர் போடுவது, பெட்பேன் வைத்து எடுப்பது, தலை வாரிவிடுவது. அந்தத் தலையில் அப்போதும் ஒரு கொண்டைக்கு முடி இருந்தது. அம்மா தன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே அதை வாரிப் பின்னிவிடுவாள்.

"ஏம்மா உனக்கு இது? ஓர் ஆயாவை வெச்சுக்கலாம், நான் சம்பளம் குடுக்குறேன்" என்றேன்.

"ஆயாவுக்கு எதுக்கு? நான் பாத்துக்கறேன்" என்றாள். பிறகு மெதுவாக, "சொல்லிடுவாங்கன்னு நெனைக்கிறேன்" என்றாள். அதுதான் விஷயம். நாக்கும் நினைவும் அத்தைக்குக் கடைசிவரை தெளிவாக இருந்தன. சாயங்கால ஜெபத்தைப் படுத்தபடியே பண்ணுவாள். அம்மா கட்டிலின் கால்மாட்டில் நின்று கண்ணை மூடிக் கேட்பாள். நான் எத்தனையோ முறை அறை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். மெத்தைக்கு ஸ்தோத்திரம் வந்தது. ஜன்னல் காற்றுக்கு வந்தது. பவுடர் டப்பாவுக்குக்கூட வந்தது, நான் கேட்டேன். சில நாள் ஜெபத்தின் நடுவில் அத்தை நிறுத்துவாள். அம்மா மூச்சைப் பிடித்துக்கொள்வாள். பிறகு ஆமென் வந்துவிடும்.

ஒரு நாள் காலையில் காபி கொண்டுபோனபோது அத்தை போயிருந்தாள். தூக்கத்திலேயே போய்விட்டாள். முகத்தில் ஒரு கோணல் இல்லை. நல்ல சாவு என்றார்கள் எல்லாரும். அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "போயிட்டீங்களா" என்று மட்டும் கேட்டாள். குளிப்பாட்டியது, வெள்ளைப் புடவை கட்டியது, கொண்டை போட்டது எல்லாம் அம்மாதான். வேறு யாரையும் தொட விடவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் வீட்டில் ஆறுதல் ஜெபம். கூடம் நிறையச் சபைக்காரர்கள், வாசலில் அக்கம்பக்கத்தவர்கள். ஐயர் அரைமணி பேசினார். இப்படி ஒரு ஸ்தோத்திர ஜீவியத்தை நான் பார்த்ததில்லை என்றார். அந்த வாயில் ஒரு முறுமுறுப்பு வந்ததுண்டா என்று கேட்டார். இல்லை இல்லை என்று தலையாட்டினார்கள். முடிவு ஜெபத்துக்கு அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா ஆரம்பித்து, அக்கா என்றவுடன் உடைந்து அழுதுவிட்டார். ஐயர் சுற்றிப் பார்த்து, சம்பிரதாயத்துக்கு, "அம்மா, நீங்க ரெண்டு வார்த்தை ஜெபம் பண்ணுங்களேன்" என்றார். அம்மா நாலு பேர் முன்னால் வாய் திறந்து ஜெபம் பண்ணியதே கிடையாது. மாட்டேன் என்று சொல்வாள், அடுத்தவரைக் கூப்பிடலாம் என்றுதான் ஐயரும் நினைத்திருப்பார்.

அம்மா எழுந்து நின்றாள். கையிலிருந்த துணியை மடித்துக் கீழே வைத்தாள். கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, எங்க அண்ணி உம்மகிட்ட வந்துட்டாங்க. அவங்களைச் சின்ன வயசுல நெறைய அழ வெச்சிருக்காங்க. அவங்களை நல்லாப் பாத்துக்கும். அவங்களுக்கு ரசம் சூடா இருக்கணும், ஆனா கேக்க மாட்டாங்க." எல்லாரும் உருகிப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "இன்னொண்ணு சொல்லணும். அவங்க இத்தனை வருஷமா உமக்குச் சொன்ன ஸ்தோத்திரத்துல பாதி எனக்கு வர வேண்டியது. கஞ்சி ஊட்டுனது நான். படுக்கை மாத்துனது நான். கால் கழுவுனது நான். உமக்கும் தெரியும். தெரிஞ்சும் எல்லாத்தையும் நீரே வாங்கி வெச்சுக்கிட்டீர். இது எனக்கில்ல, அங்க நிக்கிறா பாரு, அவகிட்டப் போய்ச் சொல்லுன்னு நீர் ஒரு நாளும் அவங்ககிட்டச் சொல்லல. அவங்க மேல எனக்கு இப்பக் கோவம் இல்ல. உம்ம மேலதான் கோவமா இருக்கேன். இதுக்கு நீர்தான் எனக்குப் பதில் சொல்லணும். இயேசுவின் நாமத்தில் கேக்குறேன், ஆமென்."

ஐயர் கையிலிருந்த வேதப்புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் இருந்த பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். எந்த ஜெபத்துக்கும் ஆமென் சொல்லிப் பழகிய வாய்கள், அத்தனையும் மூடிக்கொண்டிருந்தன.

அம்மா கண்ணைத் திறந்து கூடத்தை ஒரு முறை பார்த்தாள்.

"சொல்லுங்க" என்றாள்.

அப்பாதான் முதலில் சொன்னார்.